லாண்டரி மேல் சிவப்புப் புள்ளி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணன் எடுக்கிறான், மழை வருமா வராதா என்று பேசுகிறான், உங்கள் பேச்சை ஆரம்பித்ததும் "உங்க ரெண்டு பேர் நடுவுல நான் வரமாட்டேன், ஆளை விடு" என்று வைத்துவிடுகிறான். அதனால்தான் கடிதம். வீட்டுக்கு வரும் விளம்பரத் தாளைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தானே கிழிப்பீர்கள், இதையும் படித்துவிடுவீர்கள் என்ற தைரியம்.

நீங்கள் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று காற்றை அளக்க நான் மாட்டிய பெட்டி பேச்சை நிறுத்திய அன்றே தெரிந்துவிட்டது. பிடுங்கியது பிடுங்கியதாகவே இருக்கட்டும். பெட்டியை மட்டும் பின்பக்க பால்கனியிலிருந்து கழற்றிவிடாதீர்கள். அது உங்களை வேவு பார்க்க வைத்தது இல்லை. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும், ஒரு ஒளிக்கதிர் குறுக்கே பாயும், தூசி வந்தால் ஒளி சிதறும், சிதறலை எண்ணிக்கொள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அரசாங்கத்தின் பெரிய கருவி ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கிறது. அது ஊரின் சராசரியைச் சொல்லும். ஒரு தெருவில், ஒரு வீட்டில், ஒரு குழந்தை எதை மூச்சு இழுக்கிறது என்று அதைக் கேட்டால் சொல்லாது. அதற்குத்தான் இந்த மலிவு விலைப் பெட்டிகளை ஊர் முழுக்க மாட்டுகிறோம். முதல் பெட்டியைக் குட்டியின் அறையை ஒட்டி மாட்டினேன் என்றால் அது அவளுடைய மூச்சிழுப்பை நினைத்துத்தான்.

பெட்டிகள் சொல்வதை நாங்கள் இணையத்தில் போடும் வரைபடத்தில் உங்கள் வீட்டுப் புள்ளி காற்று மோசம் என்று சிவப்பானதும், கீழே உங்கள் லாண்டரி இருப்பதும், ஊரார் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் நான் செய்தது இல்லை. லாண்டரிதான் காரணம் என்று நான் எங்கும் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. எழுத எனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பெட்டியின் அடியில் நகம் அளவில் ஒரு மெமரி கார்டு இருக்கும், அழுத்தினால் வெளியே வரும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் எல்லாம் அதில் பதிவாகிறது. இதோடு விலாசம் எழுதிய கவர் வைத்திருக்கிறேன். அனுப்புவீர்களா? இங்கே இருப்புக் கொள்ளவில்லை அண்ணி.

சின்னவள்


ஜனவரி 16

விஞ்ஞானி அம்மாளுக்கு,

கடிதம் வந்தது. நாத்தனார் பெட்டி மாட்டுகிறாள் என்று நாற்காலி போட்டு, ஏணி பிடித்து, டீயும் போட்டுக் கொடுத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

நீ எங்கும் எழுதவில்லை, சரி. ஆனால் வாடிக்கையாளர்கள் போனை என் மூஞ்சிக்கு நேராக நீட்டி, "இது உங்க கடைதானே?" என்று கேட்கிறார்கள். தெருமுனைப் பல் டாக்டர் தன் வெள்ளைக் கோட்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் கடை வாசலைத் தாண்டும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். அந்தக் கைக்குட்டையை வெளுத்துத் தேய்த்துக் கொடுத்ததே நான்தான்.

அவர் கொடுத்த புகாரில் மாநகராட்சி சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. இரண்டு வாரம் பாய்லரை அணைத்து வைக்க வேண்டுமாம். காற்று தெளிகிறதா என்று உன் பெட்டியைக் கேட்பார்களாம். தெளிந்தால் விசாரணை வைத்து பாய்லர் உரிமத்தை ரத்து செய்வார்களாம். பாய்லர் இல்லாமல் லாண்டரி ஏது? உன் அண்ணன் வழக்கம்போல் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சோதனை முடிந்ததும் கார்டை அனுப்புகிறேன், அதற்கு முன் கேட்காதே.

இன்னொன்று. ஆவி என்பது தண்ணீர்தானே? கேஸில் ஓடுகிற பாய்லர், விறகு இல்லை, கரி இல்லை. அது எப்படிக் குழந்தையின் மூச்சைக் கெடுக்கும்? சும்மாதான் கேட்கிறேன். ஆனால் இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

உன் அண்ணி


ஜனவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

சோதனைக்கு ஒத்துக்கொண்டதற்கு நன்றி. வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பார்கள்.

ஆவி பற்றிக் கேட்டீர்கள். வெறும் ஆவி கெடுதல் இல்லை. இந்தப் பெட்டிகள் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிவிடும், அதைக் கழித்துக்கொள்ள எங்களிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் கடையில் வெறும் ஆவி மட்டும் இல்லையே? கறை நீக்கும் மருந்து, சோப்புத் தூள், எரியும் கேஸ் எல்லாம் இருக்கிறது. அதனால்தான் என்று சொல்ல மாட்டேன். இல்லவே இல்லை என்று சொல்லி உங்களைத் தூங்க வைக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

பெட்டியை இடம் மாற்றாதீர்கள், திசை திருப்பாதீர்கள். அது மாட்டிய இடத்திலேயே இருந்தால் போதும். குட்டி எப்படி இருக்கிறாள்?

சின்னவள்


பிப்ரவரி 8

சின்னவளுக்கு,

சோதனை முடிந்தது. கார்டு உள்ளே இருக்கிறது. பெட்டியை இடம் மாற்றவில்லை, திருப்பவில்லை, சத்தியம்.

பாய்லர் அணைந்த கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா? அயர்ன் போடும் பெண்கள் இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சும்மா இருந்து பழக்கமில்லை. யாரும் வாங்க வராத துணிகளைப் பிரித்து அடுக்கினேன், அலமாரிக்குப் பின்னால் துடைத்தேன், மேலே வந்து ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் தேய்த்தேன். உன் பெட்டி பார்க்கச் சகிக்கவில்லை, அதையும் கொஞ்சம் மரியாதையாக ஆக்கி வைத்தேன். சலவைக்கடைக்காரி வீட்டில் இப்படியா ஒன்று தொங்குவது?

கடை ஓடாததால் வேறு சத்தமெல்லாம் கேட்கிறது. பின் சந்தில் குளிர்கிடங்கு லாரிகள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருஷம் பாய்லர் இரைச்சலில் இது காதில் விழுந்ததே இல்லை. மதியம் கண்ணை மூட விடுவதில்லை.

குட்டிக்கு இழுப்பு குறையவில்லை. பாய்லர் நின்றால் குறையும் என்று நானே உள்ளுக்குள் எதிர்பார்த்தேன், அதனால்தான் எழுதுகிறேன். பயந்துகொண்டே எதிர்பார்த்தேன். கார்டைப் பார்த்துவிட்டு உண்மையை எழுது. எனக்காக இனிக்க இனிக்கச் சொல்ல வேண்டாம்.

உன் அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

இனிக்க இனிக்கச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பாய்லர் நின்ற மறுநாளிலிருந்து காற்று தெளிந்துவிட்டது. சும்மா கொஞ்சம் இல்லை, சிவப்பிலிருந்து பச்சைக்கு இறங்கியிருக்கிறது. நான் மூன்று முறை கணக்குப் போட்டேன். தப்பு எங்காவது இருக்காதா என்று தேடித் தேடிப் போட்டேன். எங்கள் திட்டத் தலைவர் பார்த்துவிட்டுக் குதிக்கிறார். ஒரு சின்னப் பெட்டி ஒரு காரணத்தைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறதாம், மாநாட்டில் இதைத்தான் முதலில் காட்டப் போகிறாராம். எனக்கு அவருக்கு நேராக உட்காரவே பிடிக்கவில்லை.

சுகாதார அலுவலகத்துக்கு அறிக்கை போய்விட்டது. என் பெயரில்தான் போயிற்று. அண்ணி என்பதற்காக மறைத்தால், நாளைக்கு வேறு தெருவில் வேறு குழந்தைக்காக நான் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? இதை எழுதும்போதே என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. கடையை மூட வேண்டாம், பாய்லரை வேறு இடத்துக்குக் கொண்டு போகலாம். குட்டிக்காக யோசியுங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

நீ படித்தவள், மூன்று முறை கணக்குப் போட்டவள். நீ சொன்னால் சரி. விசாரணைவரை காத்திருக்கப் போவதில்லை. பாய்லரை வாங்கிக்கொள்ள ஒருவர் வருகிறார், அடுத்த வாரம் வண்டி கொண்டு வருவார். வேறு இடமாம், வேறு இடம். அது என்ன பூந்தொட்டியா, தூக்கி வேறு பக்கம் வைக்க?

நேற்று குட்டி துணி மடித்துக்கொண்டே, "அம்மா, நம்ம கடையாலதான் எனக்கு இப்படி ஆகுதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பது மாதிரி கேட்டாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த பாய்லர் பக்கத்தில்தான் தொட்டில் கட்டி வளர்த்தேன். என் கையாலேயே அவளுக்கு இதைச் செய்தேனா என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஊர் சொன்னால் சண்டை போடுவேன். அவள் கேட்டால் யாரோடு சண்டை போட?

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. காற்று பச்சையாக இருந்தது என்கிறாயே, அந்த இரண்டு வாரத்தில்தான் அவளை இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெட்டிக்குத் தெரிந்தது குழந்தையின் நெஞ்சுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

வந்து உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போ. அதன் உறையையும் துவைத்து வைத்திருக்கிறேன். விசிறி பக்கத்தில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை, எதைப் போட்டும் முழுசாகப் போகவில்லை.

உன் அண்ணி


பிப்ரவரி 24

அண்ணி,

எந்த உறை? நான் பெட்டிக்கு உறை எதுவும் கொடுக்கவில்லையே. எப்போது போட்டீர்கள்? எந்தத் துணியில் தைத்தது? எல்லாப் பக்கமும் மூடியிருந்ததா? எப்போது கழற்றினீர்கள்? இனிமேல் துவைக்காதீர்கள், அப்படியே அனுப்புங்கள்.

பாய்லரைக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

கூரியரில் இன்னொரு பெட்டி வருகிறது. முதலில் இரண்டையும் பால்கனியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டும் ஒரே காற்றைப் பார்த்து ஒரே பதில் சொல்கிறதா என்று தெரிய வேண்டும். நாலைந்து நாள் கழித்துப் புதியதை மட்டும் முன் அறை ஜன்னலில், உங்கள் கடை ஆவிக் குழாய்க்கு நேர் மேலே மாட்டுங்கள். பாய்லரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுங்கள். எந்தப் பெட்டிக்கும் எதையும் போர்த்த வேண்டாம், துடைக்க வேண்டாம், ஊதக்கூட வேண்டாம்.

சின்னவள்


மார்ச் 10

சின்னவளுக்கு,

உறையைப் பற்றி இப்படிக் கேட்பாய் என்று தெரிந்திருந்தால் படம் எடுத்து வைத்திருப்பேன். பாய்லர் அணைத்த அன்று சாயங்காலமே தைத்தேன். யாரும் வாங்க வராத தலையணை உறை ஒன்று, நல்ல கெட்டிப் பருத்தி. நாலு பக்கமும் மூடி, கீழே நாடா வைத்து இழுத்துக் கட்டினேன். பெட்டி தூசியாக இருந்தது, மழை வேறு சாரல் அடித்தது. பாவம் என்று போட்டேன். கழற்றியது கார்டு எடுத்த அன்றுதான். தூசியை எண்ணுகிற பெட்டிக்குத் தூசி படக்கூடாது என்று நான் நினைத்தது முட்டாள்தனம்தான், இப்போது உறைக்கிறது. ஆனால் நீயும் "போர்த்தாதே" என்று சொல்லவில்லை. இடம் மாற்றாதே, திருப்பாதே என்றுதான் சொன்னாய், அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

உறை, இரண்டு கார்டு, எல்லாம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பெட்டியும் பால்கனியில் நாலைந்து நாள் ஒட்டிக்கொண்டு தொங்கின. சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப் பெட்டிகளுக்காவது தெரிகிறதே என்று உன் அண்ணன் வாயைத் திறந்து சொன்னார். வருஷத்துக்கு ஒருமுறை இப்படி எதையாவது சொல்லிவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விடுவார்.

பாய்லர் வாங்க வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். வண்டி வாடகை போச்சு என்று திட்டிவிட்டுப் போனார். நீ சொன்னபடி ஒருநாள் ஓட்டினேன், ஒருநாள் அணைத்தேன். என்ன வந்திருக்கிறது என்று இங்கே யாருக்கும் கேட்கத் தைரியம் இல்லை. சீக்கிரம் எழுது.

உன் அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பாய்லர் இல்லை.

பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது இரண்டு பெட்டியும் ஒரே எண்ணைத்தான் காட்டின. ஆகவே பெட்டிகளை நம்பலாம். உறை இல்லாதபோது பால்கனிப் பெட்டி பாய்லர் ஓடினாலும் சிவப்பு, ஓடாவிட்டாலும் சிவப்பு. நீங்கள் அனுப்பிய உறையை இங்கே ஒரு பெட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டதும் பச்சை. சோதனை வாரங்களில் தெளிந்தது காற்று இல்லை. உங்கள் தலையணை உறைதான் வடிகட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பச்சை எந்த ஊரிலும் வராது. அதைப் பார்த்தவுடனே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தப்பைக் கணக்குக்குள் தேடினேன், பெட்டியை வந்து பார்க்கவில்லை.

முன் அறைப் பெட்டி, அதாவது ஆவிக் குழாய்க்கு மேலே இருப்பது, ஈரத்தைக் கழித்துவிட்டால் சாதாரண ஊர்க்காற்றைத்தான் காட்டுகிறது. மோசம் பால்கனி இருக்கும் பின்பக்கம்தான். காலையில் சந்தில் லாரிகள் வந்ததும் ஏறுகிறது, அவை போன பிறகுதான் இறங்குகிறது. உள்ளே இருக்கும் சரக்கைக் குளிராக வைக்க எஞ்சினை அணைக்காமலே நிற்கின்றன. அந்தப் புகை நேராகக் குட்டியின் ஜன்னலுக்கு வருகிறது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன் அவள் படுக்கையை முன் அறைக்கு மாற்றுங்கள். உங்கள் வீட்டில் இருப்பதற்குள் நல்ல காற்று லாண்டரிக்கு மேலேதான் இருக்கிறது.

திட்டத் தலைவரிடம் சொன்னேன். "ஒரு வரி திருத்தம் போட்டு அனுப்பிட்டுப் பேசாம இரு. நீ போய் நின்னா மொத்த மேப்பையும் எவனும் நம்ப மாட்டான்" என்றார். அவர் சொல்வதில் பாதி சரி. அதனால்தான் எனக்குத் தூக்கம் போனது. ஆனால் அறிக்கை என் பெயரில் போனது, நானே வந்து நின்று சொல்கிறேன். விசாரணைக்கு வருவேன். வீட்டுக்கு வரலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

சின்னவள்


மார்ச் 28

சின்னவளுக்கு,

விசாரணைக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டாய்.

எழுந்து நின்று, "பெட்டி சொன்னதுல தப்பில்ல. அதுக்கு என்ன ஆயிருக்குன்னு கேட்காம படிச்சது என் தப்பு" என்று சொன்னாய். செயலாளர் விடுவாரா? "அப்ப உங்க மேப்புல இருக்கிற மத்த புள்ளியெல்லாம்?" என்று கேட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் எழுந்திருக்கவே பார்த்தேன். நீ, "அதையும் ஒவ்வொண்ணா நேர்ல போய்ப் பார்க்கணும்" என்றாய். அந்த இடத்தில் உன் வேலைக்கு நீயே குழி பறித்துக்கொள்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. உன் அண்ணனுக்கும் புரிந்தது, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

உரிமம் தப்பியது. அயர்ன் பெண்கள் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. மாடி ஏறாமலே பஸ் ஏறிவிட்டாய். வாய் வரவில்லையாம். ஊர் வரை வந்த கால் நம் வீட்டுப் படி ஏறாதா? இதற்காக உன் மேல் எனக்குக் கோபம், மற்றதெல்லாம் போய்விட்டது.

குட்டியின் படுக்கை முன் அறைக்கு வந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நம் கடையால் இல்லை என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். அத்தை சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியுமாம். பொய். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இழுப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அவள் நாள் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு முன் அறையிலேயே இருக்க முடியுமா? பள்ளிக்குப் போகிற வழி அந்தச் சந்துதான்.

நான் போய் ஒரு லாரி டிரைவரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னேன். நல்ல மனுஷன், இறங்கி வந்து பேசினார். "அணைச்சா உள்ள இருக்கிறதெல்லாம் கெட்டுப்போகும்மா, என்னைத்தான் கேப்பாங்க" என்றார். அவரோடு என்ன சண்டை போட? கிடங்கு மேனேஜர் வெளியே வரவே இல்லை. செயலாளர் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்கிறார், பார்ப்போம்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? என் பாய்லர்தான் என்று நீ எழுதியபோது செத்துப் போகலாம் போல் இருந்தது. ஆனால் அப்போது எனக்கு ஒரு வழி இருந்தது. கீழே போய் ஒரு திருகு திருகினால் நிற்கும், என் கையில் இருந்தது. இப்போது எதைத் திருகுவது? பாய்லர் இரைச்சலுக்கு மேலேயும் அந்த லாரிச் சத்தம் கேட்கிறது. முன்பு கேட்கவில்லை, இப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முன் அறையில் மாட்டிய இரண்டாவது பெட்டியைக் கழற்றி, ஏணி போட்டு நானே சந்து முனைக் கம்பத்தில் மாட்டிவிட்டேன். போர்த்தவில்லை, துடைக்கவில்லை. கறுத்துக்கொண்டு வருகிறது, கை பரபரக்கிறது, கட்டிப் போட்டிருக்கிறேன். இன்டர்நெட் கம்பியையும் செருகியாயிற்று. நீ அங்கிருந்தே பார்க்கலாம். சிவப்பு ஏறினால் எந்த நேரமானாலும் போன் பண்ணு. எடுப்பேன்.

உன் அண்ணி